எந்த ஊரு என்று கேட்கும் கடை

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒருவர் கடைக்குள் போய், கூடை நிறையச் சாமான் எடுத்து, இயந்திரத்திடம் காட்டிப் பணம் கட்டிவிட்டு, ஒரு மனிதரிடமும் வாய் திறக்காமல் வீடு திரும்பிவிடலாம். இதற்கு இங்கே சௌகரியம் என்று பெயர். எங்கள் இராமநாதபுரம் சந்தையில் ஒருவன் இப்படிப் பேசாமல் வாங்கிப் போனால், கள்ளநோட்டு மாற்ற வந்தவன் என்று நாலு பேர் பின்னாலேயே போவார்கள்.

அந்தச் சௌகரியத்தைச் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. தோட்டத்து நாற்காலி விற்கும் கம்பெனி ஒன்றின் இணையக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். வாங்க வருபவர் எங்கேயும் தயங்கக் கூடாது, ஒரு கேள்வி கூடினாலும் ஓடிவிடுவார் என்பது மேலாளர் ஹெலன் தினமும் ஓதும் வேதம். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பொறுமையில்லாத பிரகிருதிகள், நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் என்ன கிழிக்கப் போகிறார்களோ!

எங்கள் சொந்த ஊரான நயினார்கோவில் பக்கம் என் அக்கா பஞ்சவர்ணத்துக்குக் குண்டு மிளகாய்க் காடு இருக்கிறது. கமிஷன் கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்புக்கே விலை இறங்கிவிடும். "அவருக்குக் கொடுக்காதே, இங்கே நம்ம சனம் மிளகா வத்தலுக்கு ஏங்கிக் கிடக்கு, நான் கடை போடுறேன்" என்று போனில் வீரம் பேசினேன். அந்த வருஷத்து வெள்ளாமை முழுவதையும் அக்கா என்னை நம்பிக் கப்பலேற்றினாள். என் கார் நிறுத்தும் கொட்டகை மூட்டைகளால் நிறைந்தது. இந்த ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்தால் அவளுடைய ஒரு வருஷப் பாடு குப்பைக்குத்தான்.

கடையை ஹெலனின் வேதப்படியே கட்டினேன். படம், எடை, விலை, ஒரே ஒரு பொத்தான். நம்மவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அடுத்த தெரு மதுரைக்காரரைப் பிடித்துக் காரணம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு கடைன்னே தெரியலையே? காரம் எப்படின்னு யாருகிட்டக் கேக்குறது?"

இந்த மகானுபாவர் விமானச் சீட்டை இணையத்தில்தான் வாங்குகிறார். ஓட்டுபவனின் ஊரைக் கேட்காமல் கடல் தாண்டுவார். கால் கிலோ வத்தலுக்குப் பூர்வீகம் வேண்டும்.

"எங்கள் ஆட்கள் விற்பவரின் ஊர் தெரியாமல் வாங்க மாட்டார்கள்" என்று ஹெலனிடம் புலம்பினேன். "ஓ, கடைக்கு வழிகாட்டும் வரைபடமா? சேர்த்துவிடு" என்றாள். அவளிடம் சொன்ன என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கேட்டுத் தொலையட்டும் என்ற எரிச்சலில், அக்காவின் செல்போன் எண்ணைப் பக்கத்தின் தலையிலேயே போட்டேன். கூப்பிட்டவர்களையெல்லாம், காட்டில் நின்றபடி அவள் பெண் பார்க்க வந்தவளைப் போல விசாரித்தாள். எந்த ஊரு, யாரு வீட்டு ஆளு, திருப்புல்லாணியா, அங்கன எந்தத் தெரு? இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகே கடையில் ஆர்டர் விழுந்தது. "ஒரு கை கூட அள்ளிப் போடச் சொல்றேன்" என்று அவள் அங்கே வாக்குக் கொடுப்பாள். அள்ளிப் போடும் கை இங்கே என்னுடையது. அள்ள அள்ள எரிந்தது. மூட்டைகள் குறைந்தன. ஹெலனின் வேதம் கொட்டகை வாசலோடு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சீண்டிப் பார்க்க ஆசை வந்தது. கொட்டகையிலிருந்தே, ஆபீஸில் கொடுத்த செல்போனில் குரலை மாற்றிக் கூப்பிட்டேன்.

"வணக்கம், வத்தல் வேண்டும்."

"எந்த ஊருங்க?"

"லெஸ்டர்."

"அது பொழைக்கப் போன ஊரு. சொந்த ஊரு எது?"

நயினார்கோவில் என்று சொல்லியிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். அந்த வாரம்தான் பிரிட்டிஷ் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன், அவளிடம் சொல்லவில்லை.

"ஊரச் சொல்ல இம்புட்டு யோசிக்கிறவுகளுக்கு நம்ம வத்தல் கெடையாதுங்க."

போனை வைத்துவிட்டாள். நான் அவள் காட்டு மிளகாய் மூட்டைமேல்தான் உட்கார்ந்திருந்தேன்.