வெறுமனே திருப்பிக் கொடுத்த தூக்குப்போசி

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் தைரியம் வரவில்லை. முருகன் அறிய, நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் வீரபாண்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் தெற்கத்திப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். பனியன் கம்பெனி டெய்லர். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் கேரட், பீன்ஸ், தக்காளி நறுக்கிப் போட்டு, கால் மணி நேரத்தில் மக்ரோனி செய்துவிடுவாள். அவள் உண்ணும் முன்பே என் பிள்ளைகளுக்கு ஒரு தூக்குப்போசி நிறைய வந்துவிடும்.

ஒரு கிருத்திகையன்று, கறி ஆக்கிய சட்டியில் செய்ததோ என்று பயந்து, அவள் தந்த மக்ரோனி முழுவதையும் வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டேன். போசியைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம்.

அவள் போசிக்குள் பார்த்தாள்.

"பிள்ளைகள்லாம் சாப்பிட்டுச்சாக்கா?"

"தின்னுச்சுக கண்ணு. ருசியா இருந்துச்சாமா."

"உங்களுக்கு இன்னைக்கு விரதம்லாக்கா. புதுச்சட்டி வாங்கித்தான் வச்சேன்."

சாக்கடையில் கேரட் துண்டுகள் மிதந்தன. இரண்டு பேரும் பார்த்தோம். அவள் போசியோடு வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் சாயங்காலமும் போசி நிறைய வந்தது. அவளுக்கு எப்படி மனசு வந்ததோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை. இதை யாருக்காவது சொல்வதானால், நான் சொன்ன பொய்யையும் விடாமல் அப்படியே சொல்லுங்கள்.