சிவப்புத் துணிக் கம்புகள்

பின்னேரம் ஐந்து மணியானால் எங்கள் தோணித்துறையில் கோப்பி மணக்கும். மற்றக் காலங்களில் அந்தக் கரைக்கென்று இருந்த மணங்கள் மூன்றுதான்: காய்கிற வலை, பழைய சேறு, யாராவது மறந்து விட்டுப்போன மீன். ஒரு வருடம் மட்டும், மாரிக்கு முந்திய நாலு மாதம், அவற்றுக்கு நடுவே இந்தக் கோப்பி மணமும் வந்து குந்திக்கொண்டது. நல்ல மணம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது மூக்கில் பட்டதும் எங்களூர்ப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பதினொரு வயதுப் பொடியனான நானும், பார்க்க ஆளில்லாவிட்டால், கட்டிக்கிடந்த ஆட்டையாவது பார்ப்பேன்.

மணம் வந்தது ஒரு வேனிலிருந்து. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்துக்குப் போகிற பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. சண்டை ஓய்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்குள் முன்பின் தெரியாத வேன் ஒன்று வந்தால், அதுவும் யன்னலுக்குத் திரை போட்ட வேன் வந்தால், பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிற பழக்கம் எங்கள் அம்மாக்களின் கையை விட்டு இன்னும் போகவில்லை. இந்த வேனுக்கோ திரை மட்டுமல்ல, உள்ளே கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் இருந்தன. கூரையில் கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று. அது வெயிலில் கரண்ட் எடுக்கிறது என்று பள்ளிக்கூடத்து அதிபர் சொன்னார். மேலே இருந்து படம் பிடிக்கிறது என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதைத்தான் ஊர் நம்பியது.

அதில் குடியிருந்தவர் ஒரு ரீச்சர். ஒல்லாந்து தேசத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். பெயர் ஆன்னெக்கே. எங்கள் வாயில் அது இரண்டாம் நாளே அன்னக்கா ஆகிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள், வேறு இரண்டு ஊர்ப் பள்ளிகளில் மூன்று நாள் என்று இங்கிலீசு படிப்பித்தார். மண்டூர்ப் பக்கம் போனால் இரவு அங்கேயே வேனை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் எங்கள் கரைக்கே திரும்பி வருவார். வந்ததும் கிணற்றில் இரண்டு கான் தண்ணீர் அள்ளுவார், கதவோரம் கொடி கட்டித் துணி காயப்போடுவார், மடக்குக் கதிரையில் இருந்து எங்கள் பாடக் கொப்பிகளைத் திருத்துவார். பக்கத்தில் கோப்பி.

"முன்னம் கப்பலில வந்து கோட்டை கட்டினாங்க, இப்ப கோட்டையையே சில்லுப் பூட்டிக் கொண்டு வந்திரிக்காங்க" என்றார் எங்கள் அப்பா. அவர் வாவியில் மீன்பிடிக்கிறவர். அவரிடம் எல்லாவற்றுக்கும் தோணிக் கணக்கில் ஒரு சொல் இருக்கும். ரீச்சரைப் பற்றி அவர் சொன்னது இது: "தெரியாத ஆளத் தோணியில ஏத்தினா முன்னுக்கு இருத்தோணும். அப்பதான் முதுகு நம்மட கண்ணில இரிக்கும்."

அப்பாவின் பயம் வேடிக்கையான பயமல்ல. அந்தக் கரைக்கு எங்கள் யாரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. தோணி இழுத்துவிடுவதும், வலை காயப்போடுவதும், மீன் பிரிப்பதும் அப்பாவின் அப்பா காலத்திலிருந்து அங்கேதான். ஆனால் கடதாசி என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. கடற்கரைப் பக்கம் ஹோட்டல்காரர்கள் காணி தேடித் திரிகிறார்கள் என்ற கதை அப்போதே வாவியைத் தாண்டி வந்துவிட்டது. கரை போனால் தோணி போகும், தோணி போனால் அடுப்பு போகும். அவ்வளவுதான் எங்கள் பொருளாதாரம்.

ரீச்சருக்கோ எங்கள் சொற்களில் ஆசை. நாங்கள் அலுவலகத்தைக் "கந்தோர்" என்றதும், அது எங்கள் நாட்டுச் சொல் என்று துள்ளினார். "கக்கூசு" என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அதுவும் அவர்களுடையதாம். நான் இதைப் பெருமையாக வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா மீன் வெட்டிய கையை நிறுத்தினார்.

"இண்டைக்கு எங்கட சொல்லத் தங்கடயெண்டு சொல்றா. மறுகா கரையையும் சொல்லுவா."

"கக்கூச வேணுமெண்டா கொண்டு போகட்டும்" என்றார் அப்பா.

சிரிப்பு அத்தோடு சரி. ஏனென்றால் அடுத்த கிழமை ரீச்சர் ஓர் இரும்புக் கம்பியால் நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு, ரோட்டிலிருந்து கரை வரைக்கும் இரண்டு வரிசையில் கம்புகள் நட்டார். ஒவ்வொரு கம்பின் தலையிலும் சிவப்புத் துணி. நிலமளக்கிறவர்கள் நடுகிற கம்புக்கும் தலையில் சிவப்புத் துணிதான் இருக்கும் என்பது படுவான்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். போதாக்குறைக்கு அவருடைய கொப்பி ஒன்றை நான் எட்டிப் பார்த்துவிட்டேன். முழு வாவியையும் கீறி, அங்கங்கே தேர்தலில் போடுவதுபோலப் பெருக்கல் குறியாகப் புள்ளடி போட்டிருந்தார். எங்கள் கரைக்கு நேரே ஒரு புள்ளடி.

ஊர் அன்று சரியாகச் சமைக்கவில்லை. மறுநாள், பின்னேரம் அவர் மண்டூருக்குப் போன நேரமாகப் பார்த்து, நானும் இரண்டு கூட்டாளிகளும் அந்தக் கம்புகள் அத்தனையையும் பிடுங்கி வாவியில் எறிந்தோம். யாரும் எங்களை ஏவவில்லை. யாரும் ஏசவும் இல்லை. அன்று சோற்றோடு எனக்கு மட்டும் இரண்டு பொரியல் துண்டு விழுந்தது.

அவர் திரும்பி வந்த அன்று நல்ல மழை. வேன் ரோட்டிலிருந்து இறங்கி, கம்பைத் தேடித் தயங்கி, பிறகு கொஞ்சம் இடப்பக்கமாகச் சரிந்து வந்து, அப்படியே இருந்துவிட்டது. பின்சில்லு இரண்டும் அச்சு வரைக்கும் சேற்றுக்குள். அப்பாவும் மற்றவர்களும் போய்த் தள்ளினார்கள். சந்தேகம் வேறு, சேற்றில் கிடக்கிறவருக்குக் கைகொடுப்பது வேறு. உழவு மெசினும் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, தானும் தாழப் பார்த்ததால் கிறுகித் திரும்பிப் போய்விட்டது. நிலம் காயும் வரைக்கும் வேன் அசையாது என்றாயிற்று.

"கப்பலெண்டா நங்கூரம், வேனெண்டா சேறு" என்று கடையில் வைத்துச் சொன்னவர் பேரின்பம் மாமா. "வேணுமெண்டுதான் தாட்டிருக்கா. இனி எழும்ப மாட்டா, பாருங்க."

பேரின்பம் மாமா எங்களூரில் கடை வைத்திருந்தவர். கந்தோர் அலுவல் என்றால் அவர்தான். பிறப்புச் சான்றிதழா, வீட்டுத்திட்டப் படிவமா, சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போய் முடித்துக்கொண்டு வருவார். எனக்குக் காய்ச்சல் என்றால் கேளாமலே பிஸ்கட் அனுப்புகிற மனிதர். அன்றும் அவர்தான் வழி சொன்னார்.

"வேன எடுக்கச் சொல்லி ஒரு பெட்டிசம் அடிப்பம். நான் ரவுணில ரைப் பண்ணுவிச்சிக் கொண்டு வாறன். இங்கிலீசில குடுத்தாத்தான் பெரிய கந்தோரில எடுத்துப் பாப்பாங்க."

இரண்டாம் நாள் கடதாசி வந்தது. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் வேலை எனக்கு. "நீ ரீச்சரிட்டப் படிக்கிற புள்ள, உன்ட கையில கிடந்தா ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டாங்க மனே" என்றார் மாமா. எனக்குத் தலை கால் புரியவில்லை. முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது அப்பாவுடையது, கடைசி எழுத்தை மீன்வால் மாதிரி இழுத்துவிடுவார். மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில், இங்கிலீசு படிக்கிறவன் என்ற மிதப்பில், அதைக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. ஆனால் வேன் என்ற சொல்லை எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். ரீச்சர் முதல் பாடத்தில் சொல்லித் தந்த மூன்றெழுத்து. அந்த மூன்றெழுத்தை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினேன். இல்லை. ரீச்சர் என்ற சொல்லும் இல்லை. பெரியவர்கள் பெட்டிசத்தில் வேறு சொல் போடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கரைப் பாதையில் ரீச்சர் தண்ணீர்க் கானோடு எதிரே வந்தார்.

"அது என்ன கடதாசி? ஆங்கிலம் போலத் தெரிகிறது. நான் வாசித்துச் சொல்லட்டுமா?" என்றார், தன் புத்தகத் தமிழில்.

நான் அதைச் சட்டைக்குள் செருகினேன். "ஒண்டுமில்ல ரீச்சர்."

அவர் என் சட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இரண்டாந்தரம் கேட்கவில்லை. வேனுக்குள் போய் ஒரு பிஸ்கட் எடுத்துவந்து தந்தார். அதில் என்ன கலந்திருக்குமோ என்று காகத்துக்குப் போட்டுவிட்டு, மரத்தடியில் நின்று கன நேரம் அந்தக் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாகவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு மிச்ச வீடுகளுக்கும் போய்க் கையெழுத்து முழுவதையும் வாங்கி முடித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் மழை விட்டு, நிலம் இறுகி, வேன் வெளியே வந்தது. பள்ளித் தவணை முடிந்தது. ரீச்சர் வகுப்பில் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய வேலை அந்தத் தவணையோடு முடிவதாகத்தான் முதலே இருந்ததாம். அதிபர் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பெட்டிசம் வேலை செஞ்சிட்டு!" என்று ஊர் சந்தோஷப்பட்டது. அன்றைய மீனில் நல்ல கொடுவா ஒன்றை அப்பா பேரின்பம் மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்தான் கூடப் போனேன்.

அடுத்த மாரி முடிந்ததும் கரையில் சீமெந்துத் தூண்கள் முளைத்தன. அவற்றின் தலையில் துணியில்லை, பிடுங்கிப் பார்த்தால் வரவுமில்லை. ஆண்கள் எல்லாரும் கந்தோருக்குப் போனார்கள், அப்பா என்னையும் கூட்டிப்போனார். அங்கிருந்த ஓர் இளம் உத்தியோகத்தர் கடதாசிக் கோவையைத் திறந்து, "நீங்கதானே எழுதித் தந்திருக்கிறீங்கள்?" என்றார். தமிழில் வாசித்தும் காட்டினார். இந்தத் துறையைப் பாவிக்கிற எங்களுக்கு இனி அது தேவையில்லை, உல்லாசப் பயணத்துறைக்குக் கொடுப்பதில் மறுப்புமில்லை. கீழே இரண்டாவதாக மீன்வால்.

கடைக்கு வந்தபோது அது பூட்டியிருந்தது. மாமா குடும்பத்தோடு ரவுணுக்குப் போய் இரண்டு கிழமையாகியிருந்தது. அப்பா பூட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார்.

"அவவ முன்னுக்கு இருத்திப் போட்டு முதுகையே பாத்துக்கிட்டு இருந்தம்" என்றார். "பின்னுக்கு ஆரு இருந்தானெண்டு ஒருத்தரும் கிறுகிப் பாக்கல்ல."

அந்த மூன்றெழுத்தைத் தேடிக் காணாத கதையை நான் அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் இப்போதும் தோணி விடுகிறார். விடியமுன் எழும்பி, அடுத்த ஊர்த் துறைக்கு அரை மணித்தியாலம் நடந்து போகிறார்.

நான் படிப்பில் தேறவில்லை. கழற்றிப் பூட்டிப் பார்த்தே பழகி, ரவுணுக்கு வெளியே சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். போன மாதம் போனில் ஒரு கோல் வந்தது. ஹோட்டலில் வேன் ஒன்று தாழ்ந்து கிடக்கிறதாம், உள்ளே கட்டிலெல்லாம் இருக்கிற வேன். எந்த ஹோட்டல் என்று கேட்டேன், கேட்கத் தேவையில்லாமலே.

வாசலில் மண்டூர்ப் பொடியன் ஒருவன் காவல். உள்ளே போகிறவர்கள் கையெழுத்து வைக்க வேண்டிய புத்தகத்தை நீட்டினான். மேலே சின்ன எழுத்தில் மூன்று பாஷையிலும் என்னவோ அச்சடித்திருந்தது. நான் மூன்றையும் வாசித்தேன். தமிழை ஓடியோடி, இங்கிலீசைத் தடவித் தடவி, சிங்களத்தை எழுத்தெழுத்தாக.

"என்னண்ணன், காணி உறுதியா எழுதுறீங்க? கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க" என்று சிரித்தான்.

வேன் கிடந்த இடம் அதே இடம்தான், இப்போது புல் வளர்த்திருக்கிறார்கள். புல்லுக்கென்ன, சேற்றை மூடிக்கொண்டு பச்சையாகச் சிரிக்கிறது. வேன்காரத் தம்பதி இருவரும் சப்பானில் படிப்பிக்கிற வெள்ளைக்கார ஆசிரியர்கள், லீவுக்கு வந்தவர்கள். சில்லைத் தூக்க ஜக்கி எடுக்கப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே கட்டாகக் கிடந்தன கம்புகள், தலையில் செம்மஞ்சள் துணி. எதற்கு என்று கைச்சாடையில் கேட்டேன். அந்த அம்மா நிலத்தைக் காலால் மிதித்துக் காட்டினார்: இறுக்கமான நிலம் இது, சில்லு இந்த வழியால் வரலாம். இங்கே ஏன் நடவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். நட்டார்களாம். புல்லின் அழகு கெடுகிறதென்று தோட்டக்காரர் பிடுங்கிவிட்டாராம். போனில் தாங்கள் தங்கிய இடங்களையும் காட்டினார், வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளடி. ஆனாலும் சொல்கிறேன், அன்னக்காவின் கொப்பியில் வாவிக்கு நடுவே, தண்ணீரிலும் ஒரு புள்ளடி இருந்தது. அது ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சந்தேகம் அப்படி லேசில் விடாது.

வேனை வெளியே எடுத்தேன். கரையில் வலையில்லை, தோணியில்லை, சேற்று மணமும் இல்லை. கோப்பி மட்டும் இப்போது நாள் முழுக்க மணக்கிறது.

வாசலில் போகும்போதும் ஒரு கையெழுத்தாம். புத்தகத்தை வாங்கி, மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

"வரக்குள்ள வாசிச்சீங்கதானே அண்ணன்?"

"ஓம் தம்பி" என்றேன். "மறுகா மாத்தியிருப்பீங்க."