பல்லடத்தில் கிடைத்த பந்தயப் படகு

எங்கள் ஊரில் கப்பலைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புகிறது, அதைத் தவறவிட்டால் பனியன் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், விமானத்தில் அனுப்பினால் வீட்டை விற்க வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே பேச்சு நடக்கும். இப்படிப் பேசுகிறவர்களில் கப்பலை நேரில் பார்த்தவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். கடல் என்பது எங்களைப் பொறுத்தவரை தூத்துக்குடி ஏஜென்டின் பொறுப்பில் இருந்த ஒரு விஷயம். அப்படிப்பட்ட திருப்பூரில் சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருந்த ஒரே ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா சென்னையில் இன்ஜினியரிங் படித்தபோது என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவில் சேர்ந்து, துறைமுகத்துக்குள் சிறிய பந்தயப் படகுகளை ஓட்டப் பழகியவர். ஒரு பந்தயத்தில் கடைசிக்கு முந்திய இடம் பிடித்ததாகப் பெருமையாகச் சொல்வார். எங்கள் பரம்பரையில் விளையாட்டில் அதைவிடப் பெரிய சாதனை இன்றுவரை இல்லை. படிப்பு முடிந்ததும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிவிட்டார். தோட்டம் ஊருக்குக் கிழக்கே, நொய்யலில் கட்டிய அணையின் கரையோரம் இருந்தது.

அணை கட்டியது பாசனத்துக்குத்தான். அதில் வந்து தேங்கியது ஊரின் சாயத்தண்ணீர். வரப்போகும் பருவத்தில் ஐரோப்பாக்காரர்கள் என்ன நிறத்தில் உடுத்தப் போகிறார்கள் என்பது எங்கள் பக்கத்து மாடுகளுக்கு ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடும். மாமாவின் தென்னைகள் குரும்பையிலேயே கொட்டின. கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் அவர் எங்கள் அப்பாவின் சாயப்பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். பட்டறைத் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போனது என்று அப்போது வீட்டில் யாரும் பேசியதில்லை. மாமா தினமும் எங்களோடு சாப்பிடுகிறார் என்பதே எனக்குப் பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது.

செங்கல் சூளைக்காரர் ஒருவர் தோட்டத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வித்துப்போட்டு டவுனுக்கே வந்துவிடச் சொல்லி அம்மா நச்சரித்தாள். ஒருநாள் மாமா பதில் சொன்னார்.

"பயிருக்கு ஆகல, மாட்டுக்கு ஆகல. மெதக்கறதுக்காவது அந்தத் தண்ணி ஆகுமல்லக்கா? ஒரு படகு தேடிப் புடிச்சு உடறேன். ஓடிருச்சுன்னா நான் தோட்டத்துலயே இருந்துக்கறேன். ஓடலீன்னா நீ சொல்றபடி கேக்கறேன்."

"அதுக்கு ஒரு பரிசல் வாங்குனாப் பத்தாதா?"

"பரிசல் சுத்தும்க்கா. இது போகும்."

அம்மாவுக்கு இது பைத்தியத்தின் ஆரம்பம் என்று தோன்றியது. எனக்குப் பத்து வயது. பைத்தியத்தின் பக்கம்தான் டிவிஎஸ் வண்டியின் பின்சீட்டு காலியாக இருந்ததால் அங்கே ஏறிக்கொண்டேன்.

ஊட்டி ஏரியில் வெள்ளைக்காரர்கள் காலத்துப் பந்தயப் படகுகள் இருந்ததாக மாமா எங்கோ கேள்விப்பட்டிருந்தார். போய்க் கேட்டால் எல்லாம் எப்போதோ ஏலம் போய்விட்டதாம். ஒன்று மட்டும் குன்னூரில் ஒரு ஓட்டலுக்குப் போயிருந்தது. ஓட்டல்காரர் அதில் மண்ணை நிரப்பி ரோஜா வளர்த்துவிட்டு, ரோஜா செத்ததும் மேட்டுப்பாளையத்து மரக்கடைக்குத் தள்ளிவிட்டார். மரக்கடைக்காரர் நெடுநேரம் யோசித்து, அதைப் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் விறகு லோடோடு சேர்த்துக் கேட்டு வாங்கிப்போனதாகச் சொன்னார். இத்தனை மலை ஏறி இறங்கியபின் படகு எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் காப்பி ஆறுவதற்குள் போய்ச் சேரும் இடத்தில் இருந்தது.

பண்ணையில் அது மக்காச்சோளமும் புண்ணாக்கும் கலக்கும் தொட்டியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மாமா தீவனத்துக்குள் கையை விட்டுப் பக்கவாட்டுப் பலகையைத் தடவிக்கொண்டே நின்றார். பண்ணைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது படகுங்களா? நான் மரத்தொட்டின்னல்லங்க நெனச்சேன். அடியில நீளமா ஒரு ஓட்டை உட்டு வெச்சிருந்தான். எந்த முட்டாப்பய பண்ணுன வேலையோன்னு சிமெண்டு பூசி அடச்சுட்டனுங்க."

"அது நடுப்பலகை எறங்கற எடமுங்க. அது இல்லீன்னா காத்து தள்ளுற பக்கமே போகும்."

"அதான பாத்தேன்," என்றார் பண்ணைக்காரர், எதையும் பார்க்காதவர் போல.

ஒரு சிமெண்டுத் தொட்டியை மாற்றாகக் கொடுப்பதென்று பேசி முடித்தார்கள். பாய்மரம் அவருடைய கூரைமேல் டிவி ஆன்டெனாவைத் தாங்கிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாய் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. கிளம்பும்போது மாமா குஞ்சுக் கொட்டகையின் படுதாவை ஒரு கணம் பார்த்தார், பிறகு ஓடினார். புகையும் கோழி எச்சமும் ஏறிப் பழுப்பாகிப்போன அந்தப் படுதாவின் மூலையில் பந்தய எண் தைத்திருந்தது. பழைய பருத்திப் பாய். காற்றில் உப்புவதற்கென்று அதற்கு வயிறு வைத்து வெட்டியிருக்கிறது, இனி எந்த டெய்லராலும் அப்படி வெட்ட முடியாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பட்டறையின் பின்பக்கம், பாய்லருக்கு விறகு அடுக்கும் இடத்தில் படகைக் கவிழ்த்துப் போட்டார்கள். பாய்லர்காரர் இரண்டு முறை பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, இரண்டு முறையும் வழியில் மடக்கப்பட்டார். சிமெண்டைக் கொத்தி எடுப்பதற்கே ஒரு மாதம் ஆனது. சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு என்று பெயின்ட்டை நான் உப்புத்தாளால் தேய்த்தேன். அடியில் தேன் நிறத்தில் மரம் வந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டு என் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். இற்றுப்போன பலகைகளை மாற்றி, செம்பு ஆணி அடித்து, வார்னிஷ் பூசினார். பாயைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலசி, நிழலில் காயப்போட்டார். நாற்றம் போனது, பழுப்பு போகவில்லை. போக வேண்டாம் என்றார்.

என்னையும் படகில் ஏற்றிப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தார். காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது மறுபக்கம் உட்கார எடைக்கு ஆள் வேண்டுமாம். ஒரு விளையாட்டுக்கு என் உடம்பை வைத்து என்னைத் தேர்ந்தெடுத்த ஒரே சந்தர்ப்பம் அது. அந்த வாரம் முழுதும் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படகை இறக்குவதென்று முடிவானது. சனிக்கிழமை காலை பாயைக் காணவில்லை. அப்பாதான் எடுத்துப் போயிருந்தார். அப்பாவுக்கு அன்பு காட்டும் வழிகள் குறைவு. பேசத் தெரியாது, தோளில் கை போடத் தெரியாது. துணியை வெளுக்கத் தெரியும். எங்கள் ஊரில் பழுப்பாக ஒரு துணி கண்ணில் பட்டால் சலவைப்பட்டறைக்கு அனுப்பாமல் இருக்க யாராலும் முடியாது. சாயங்காலம் பாய் திரும்பி வந்தது. இஸ்திரி போட்டு, நடுவில் அட்டை வைத்து மடித்து, எக்ஸ்போர்ட் சரக்கு போலப் பாலித்தீன் கவரில் இருந்தது. அவ்வளவு வெள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பந்தய எண் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தது.

"எப்பிடி மாப்ள? உன்ற படகு அழுக்குத் துணியோட போனா எனக்கல்ல கேவலம். ரெண்டு தடவை பிளீச்சிங் போடச் சொன்னேன்," என்றார் அப்பா.

மாமா பாயின் ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். லேசாக இழுத்துப் பார்த்தார், ஓர் இழை அறுந்து கையோடு வந்தது. முகர்ந்தார். பிளீச்சிங் பவுடர் வாடை எனக்கே அடித்தது. எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டுக்காரரிடம் மறுத்துப் பேச 'இல்லீங்க' என்றொரு சொல் இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

"மல்லிப்பூவாட்ட இருக்குதுங்க மச்சான்," என்றார் மாமா.

மறுநாள் கம்பெனி வேனின் தலையில் படகைக் கட்டிக்கொண்டு அணைக்குப் போனோம். தண்ணீர் கருநீலமாக, ஓரங்களில் நுரையோடு கிடந்தது. கரையில் உப்புப் பூத்த வெள்ளை மண். பாயை ஏற்றி முடித்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன்.

"இன்னைக்கு வேண்டாங் கண்ணு," என்றார் மாமா. "இன்னொரு நாளைக்குப் போலாம்."

"எடைக்கு ஆள் வேணும்னீங்க."

"இன்னைக்கு எடை வேண்டாம்."

அவர் தனியாகவே போனார். கொஞ்ச தூரம் அது போனது, அவர் சொன்னது போலவே. பாய் நிறைந்து, படகு ஒருக்களித்து, மாமா மறுபக்கம் மல்லாந்து சாய்ந்து, கறுத்த தண்ணீரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போனது. அம்மா கையைக் கூப்பினாள். அப்பா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. பிறகு மேற்கிலிருந்து காற்று வலுத்தது. துணிக்கடையில் துணியைக் கிழித்துக் கொடுப்பார்களே, அந்தச் சத்தம்தான் கரைவரை கேட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரே கிழி. பிறகு அந்தக் கிழியும் கிழிந்து, பாய்மரத்தில் நாடா நாடாவாகத் தொங்கியது.

மாமா துடுப்பை எடுக்கவில்லை. சுக்கானைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளி, பட்டுப்போன தென்னைகள் நின்ற மூலைக்குக் கொண்டுபோனது. அவர் தோட்டத்து மூலை அது. அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அம்மா தடுத்தாள், கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ப் படகின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா அந்தத் தண்ணீரில் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. பல நாட்கள் காலைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

தை பிறப்பதற்குள் தோட்டம் செங்கல் சூளைக்காரர் கைக்குப் போய்விட்டது. மாமா எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தார். சாகும்வரை பட்டறையில் வேலை பார்த்தார். படகைப் பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் என் நினைவில் நிற்பது திரும்பி வந்த அந்த வேன்தான். அப்பா நனைந்த வேட்டியோடு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்நாளில் பேசாததையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். "நல்லதுக்குன்னுதான் மாப்ள பண்ணுனேன். இப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியாதப்பா. தெரிஞ்சிருந்தாப் பண்ணுவனா? நீயே சொல்லு." மாமா ஒவ்வொரு தடவையும், "தெரியுமுங்க மச்சான், உடுங்க" என்றார். அப்பா விடவில்லை. அவிநாசி ரோடு வரைக்கும் அதையே சொன்னார். ஒரு துணி கிழிந்ததற்கு ஒரு பெரிய மனிதர் எதற்காக இப்படிக் கெஞ்ச வேண்டும், நம் குடோனில் இல்லாத துணியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னை ஏற்றிக்கொள்ளாமல் போன மாமாவிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வேனில் அன்றைக்கு நிஜமாகவே நஷ்டப்பட்ட ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.