லேண்ட்மார்க்: சவரிமுத்து கடை எதிரில்

செவ்வாய்க்கிழமை காலையில் போன். பார்சல் கொண்டுவரும் தம்பி.

"சார், தெருவுக்கு வந்துட்டேன். லேண்ட்மார்க் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

இத்தனை வருஷமாக யோசிக்காமல் சொன்ன பதில் ஒன்று என்னிடம் இருந்தது... 'சவரிமுத்து கடைக்கு எதிர்ச்சந்து.' தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் இருக்கும் எங்கள் சந்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆன்லைனில் அட்ரஸ் கேட்டு வரும் கட்டங்களில், எட்டாவதை இரண்டு தடவை படித்த எனக்குப் புரிந்த ஒரே கட்டம் லேண்ட்மார்க்தான். சந்தில் எல்லோரும் அந்தக் கடையைத்தான் போடுவோம். வீட்டில் ஆள் இல்லையா? பார்சலை சவரிமுத்து அண்ணன் வாங்கி வைப்பார்.

அவர் விற்பது என்ன? மிக்ஸி, குக்கர், ஃபேன். பார்சலில் வருவது? பாதிக்குப் பாதி அதேதான்!

நாலு மாதம் முன்பு என் மிக்ஸி புகைவிட்டுச் செத்தது. அண்ணன் கடைக்குப் போனேன்.

"வாடா, நாலு நாளா ஒரு மிக்ஸி நகரல. இப்படியே போனா ஷட்டர இறக்க வேண்டியதுதான். நீயாவது போணி பண்ணு."

மூன்றை இறக்கி, பிளக் போட்டு, ஓட்டிக் காட்டினார். "மோட்டார் சத்தத்தக் கேளு. மசாலா அரைக்க இதுதான் தாங்கும்." டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். மாடல் நம்பரை செல்லில் போட்டோ பிடித்தேன்.

"வீட்ல காட்டிட்டு வர்றேண்ணே."

காட்டவில்லை. சந்து முனை தாண்டுவதற்குள் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டேன். கொஞ்சம் விலை குறைவு... வேறு காரணம் இல்லை. நீங்களும் செய்திருப்பீர்கள். மறைக்காதீர்கள்.

பார்சல் வந்த அன்று நான் நன்னிலத்தில், மச்சினன் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில். கையில் பாயச தம்ளர். போன் அடித்தது. பழக்கதோஷம் — "எதிர்ல சவரிமுத்து கடைல குடுத்துட்டுப் போங்க தம்பி."

போனை வைத்தேன். எந்தப் பார்சல் என்று அப்போதுதான் உறைத்தது. திருடிய மூட்டையை வீட்டுக்காரரிடமே பத்திரமாகக் கொடுத்துவைத்த முதல் திருடன் நான்தான்.

சாயங்காலம் போனேன். பெட்டி மேசைமேல் இருந்தது. வெளியிலேயே மிக்ஸி படம், கலரில்.

"என்னடா, வீட்ல காட்டிட்டியா?"

"அது வந்துண்ணே... மச்சினன் வாங்கி அனுப்பினது..."

"ஒன் மச்சினனுக்கு மாடல் நம்பரு கரெக்டாத் தெரிஞ்சிருக்கே!"

சிரித்தார். திட்டியிருக்கலாம். பெட்டியைப் பிரித்து, பிளக் போட்டு, அந்த மிக்ஸியையும் ஓட்டிப் பார்த்தார். "வர்ற வழியில ஜார் உடையும் சில சமயம். இது நல்லாருக்கு. எடுத்துட்டுப் போ."

நான் எடுக்கப் போகும்போது சொன்னார்.

"இனிமே பார்சலுக்கு வேற கடையச் சொல்லிருங்கடா. மாசக் கடைசியில காலி பண்றேன். பைபாஸ் பக்கம் பெரிய கடையில கூப்பிடுறாங்க. மிக்ஸி செக்‌ஷன்ல நிக்கணுமாம். அம்பத்தெட்டு வயசுல செவப்பு டீ-ஷர்ட் போடப்போறேன்."

ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டிய இடம். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"அப்ப இது ரிப்பேரானா யார்கிட்டண்ணே போறது?"

 அவர் பிளக்கைப் பிடுங்கி, வயரை ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தார்.

"சார்... லைன்ல இருக்கீங்களா? லேண்ட்மார்க்?" செவ்வாய்க்கிழமைத் தம்பி கத்தினான்.

"மூடிக்கெடக்குற கடைக்கு எதிர்ல, தம்பி."

"எந்தக் கடை சார்? இங்க வரிசையா நாலு மூடிக்கெடக்கு!"