கடைசி ஆளுக்கும் ஒரு வேலை

எங்கள் அண்ணனின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு, அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அண்ணி. அண்ணன் பட்ட பாட்டை விட்டுவிட்டு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மழையும் பருத்தியும் சேர்ந்து ஏமாற்றியதில், மீசை முளைக்கும் முன்பே திருப்பூருக்குப் பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் உதவி ஆளாகச் சேர்ந்து, தையல் பழகி, பிறகு ஊர்க்காரர்களை அழைத்துப்போய் வேலை வாங்கும் காண்ட்ராக்டர் ஆனார். என் வீட்டுக்காரரும் அவரிடம்தான் தைத்தார். அதட்டத் தெரியாத காண்ட்ராக்டர் என்று அண்ணனைக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன பங்குனிப் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், பொங்கல் முடியும்வரை ஊரில் இருப்பவர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. காப்புக் கட்டிய மறுநாளே கம்பெனி மேனேஜர் போன் செய்தார். வெளிநாட்டு ஆர்டராம், உடனே வர வேண்டுமாம்.

"மச்சான், சாமி கோவிச்சா சமாதானம் பண்ணிக்கிரலாம். மொதலாளி கோவிச்சா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாம இல்லாம அங்க மெஷினு ஓடாது மாப்ள. பொங்கல் முடிச்சுட்டே போவோம்" என்றார் அண்ணன். அவர் சொல்லைத் தட்டாமல் எல்லோரும் நின்றார்கள்.

திரும்பிப் போனபோது மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் குறைந்த கூலிக்கு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் ஊரிலும் மழை இல்லையோ என்னவோ. நம் ஆட்கள் மூட்டையோடு திரும்பினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அண்ணன் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள்.

"என் பேச்சக் கேட்டு நின்னீக. ஒவ்வொருத்தருக்கும் வேலை பாத்துக் குடுக்க வேண்டியது என் பொறுப்பு" என்றார் அண்ணன்.

அப்படியே அலைந்தார். கேரளாவில் கட்டட வேலைக்குக் கூலி அதிகம், ஆனால் மழைக்காலத்தில் பாதி நாள் சும்மா இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் கூலி குறைவு, ஆனால் வருடம் முழுவதும் வேலை. யாருக்கு எது தாங்கும் என்று யோசித்து யோசித்து அனுப்பினார். தான் மட்டும் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில், பழைய வரும்படியில் பாதிக்கு, மூட்டை கட்டும் வேலைக்குப் போனார்.

என் வீட்டுக்காரரைக் கடைசியில் வைத்தார். சண்டைக்கே போனேன்.

"ஏத்தா, தங்கச்சி வீட்டுக்கு முதல்ல பாத்தா மத்த பொம்பளைக மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை வைத்து உலை வைக்க முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. அதற்குள் ஒருநாள் மில்லிலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பஸ் கண்டக்டருக்கும், கூலியை விட்டுக் கேரளாவிலிருந்து ஓடிவந்த தம்பிமாருக்கும், அன்று வாசலில் சத்தம் போட்டு, சாவன்று முதல் ஆளாக வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சுடுகாட்டில் காடாற்றிய மறுநாள் அண்ணனின் போன் அடித்தது. எடுத்தேன். கோயம்புத்தூர் பவுண்டரியில் இருக்கும் நம் பக்கத்து மேஸ்திரி.

"அண்ணாச்சி அவுக மாப்பிள்ளைக்குச் சொல்லி வச்சிருந்தாக. நாளைக்கு வந்தா இடம் இருக்கு. பிந்துனா வேற ஆளப் போட்டுருவாக."

"கருமாதி முடியாம எப்படிப் போறது?" என்று தயங்கினார் என் வீட்டுக்காரர். "மாப்பிள்ளை இல்லாம கருமாதியா, ஊரு சிரிக்காதா?" என்றார் பெரியப்பா. நான் பையில் என் வீட்டுக்காரரின் துணிகளை எடுத்து வைத்தேன்.

இன்று பந்தலில் அவரைத் தேடுகிறவர்கள் தயவுசெய்து தப்பாக எண்ண வேண்டாம். எங்கள் அண்ணன் பார்த்துக் கொடுத்த வேலையில் இருக்கிறார்.