கோல் கம்பத்தில் பிரேசில் கொடி

எங்கள் மைதானத்தைக் கெடுத்தவர் எங்கள் உதைபந்தாட்டக் கழகத் தலைவர்தான். மாத்தளையில் எந்நேரமும் பிரேசிலின் மஞ்சள் ஜேர்சியோடு திரிவார். பேசும்போது அதிலுள்ள ஐந்து நட்சத்திரங்களைத் தடவிக்கொள்வார். உலகக் கிண்ணம் தொடங்கியதும் எங்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கி, பஸ் நிலையத்தில் நட்டு, பிரேசில் கொடி கட்டினார். இரத்தோட்டை அணி வந்தபோது செருப்புகளைக் கம்பமாக வைத்து ஆடினோம். செருப்புக்கு மேலே பறந்த பந்து கோலா என்ற சண்டையில் ஆட்டமே நின்றது.

“கம்பம் எங்க, தலைவரே?” என்றேன்.

“அஞ்சு தடவ கப் அடிச்ச டீமுக்குக் கொடி வேணாமா?”

“சொந்த மண்ணுலயே ஏழு கோல் வாங்கின டீமுங்க அது.”

“உங்களுக்கு நாட்டுப்பற்றே இல்லீங்க!”

பிரேசில் தோற்று வீட்டுக்குப் போய்விட்டது. கம்பம் இன்னும் வரவில்லை. அவர் எந்த நாட்டைச் சொன்னார் என்பதும் எனக்கு விளங்கவில்லை. கழகக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அவரே பதில் சொல்லட்டும்.