கட்டபெட்டு வளைவில் அடித்த ஹாரன்

அந்த வருடம் மலையில் எல்லாரும் எதையாவது அடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தேயிலையின் விலை பறிப்புக் கூலிக்கே கட்டாது என்றானதும், சிலர் இலை மூட்டைகளை ரோட்டில் கொட்டி, லாரிகள் ஏறி நசுக்கட்டும் என்று விட்டார்கள். பிக்கட்டிப் பக்கம் ஒருவர் தான் வைத்து வளர்த்த செடிகளைத் தானே கோடாலியால் வெட்டித் தள்ளினார். தடுக்கப் போன தம்பிக்குத் தோளில் வெட்டு விழுந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் ஒருவன் மனைவியைச் செருப்பால் அடித்தான், சுற்றி நின்ற ஒருவரும் விலக்கவில்லை. என் கடைக்கு வந்த லாரிக்காரர் ஒருவர், அவர் கேட்ட பிரேக் ஷூ இல்லை என்று சொன்னதற்காகக் கையிலிருந்த பழைய இரும்பு ஷூவை என் தலையைக் குறிவைத்து வீசினார். நான் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்த கண்ணாடி அலமாரி போயிற்று. அன்றைய டைரியில் அதையும் எழுதியிருக்கிறேன், அது எந்த வண்டியின் ஷூ, எந்தத் தட்டு உடைந்தது என்பது வரை.

குன்னூரில் எனக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. காரமடையிலிருந்து மலையேறி வந்த அப்பா தொடங்கியது. எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்று பார்த்துப் பார்த்தே எனக்கு முடி நரைத்துவிட்டது. எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக மூடிய அந்த நாட்களில், ஒரு பங்களாவின் சாமான்களோடு மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றும் ஏலத்துக்கு வந்தது. உள்ளே கோழிகள் அடைந்திருந்தன. அது எந்த மாடல் என்று விற்றவர்களுக்கே தெரியவில்லை. ஆர்.சி. புத்தகம் ஒரு வருடம் சொன்னது, வாட்ச்மேன் ஒரு வருடம் சொன்னார்.

நான் பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் தகட்டில் இருந்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தேன். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தேன். நடுவில் ஒரு கம்பி, இரு பக்கமும் இரண்டு தட்டைக் கண்ணாடிகள். கதவுக்குப் பின்னால், திரும்பும்போது கை நீட்டுவது போல வெளியே வரும் சிக்னல். முந்தைய மாடல்தான், சந்தேகமில்லை. பின்னால் வந்த மாடலில் வளைந்த ஒற்றைக் கண்ணாடி இருக்கும். ஆனால் இந்தக் காரில் யார் யாரோ கை வைத்திருந்தார்கள். ஸ்டீயரிங், பின்விளக்கு, கார்புரேட்டர் எல்லாம் பிந்தைய மாடலுடையவை. ஹாரன் இருந்த இடத்தில் ஒரு மொபெட் ஹாரனைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அத்தனையையும் கழற்றி, அதற்குரியதை மட்டுமே மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

கூடமாட நின்றவன் என் மனைவியின் தம்பி. இலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். லாரி ஷெட்டில் நின்றுவிட்டதால் என் கடையில் வந்து நின்றான். ஓட்டுநர் பேட்ஜைத் தவிர அவனிடம் வேறு சொத்து இல்லை. விலை ஏறினால் லாரி மறுபடி ஓடும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

"ஏனுங் மாமா, ஒரு போல்ட்டுக்கு இத்தன ஆராய்ச்சியா? எங்கக்காவக் கட்டறப்ப இப்படிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவகூட நீயும் சேர்ந்து வர்ற பார்ட்டுன்னு அப்பத் தெரியல."

"இனிக் கழட்ட முடியாதுங்க. துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு."

ஹாரன்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பழைய இரும்புக்காரரிடம் அது அகப்பட்டது. கட்டபெட்டுப் பக்கத்து இலை ஏஜென்ட் ஒருவரின் மைனரிலிருந்து கழற்றியது என்றார். சிறு தோட்டக்காரர்களிடம் இலை வாங்கி ஃபாக்டரிக்கு அனுப்புகிறவர் ஏஜென்ட். எடையில் கை வைக்கிறார் என்று அவருக்குப் பெயர். கார் பள்ளத்தில் உருண்டதும் ஜீப்புக்கு மாறி, விலை விழுந்ததும் ஊரைவிட்டே போய்விட்டார். அவருடையது ஒற்றைக் கண்ணாடி மாடல். ஆனால் இரண்டு மாடலுக்கும் ஹாரன் ஒன்றே. துடைத்து, பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். கனத்த குரல், கடைசியில் லேசாகக் கரகரக்கும். சரியான பாகம். மாட்டினேன்.

முதல் ஓட்டமாகக் கோத்தகிரிக்குப் போனோம். அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். கட்டபெட்டை நெருங்கும்போது பனி இறங்கி, பானெட்டின் முனைகூடத் தெரியவில்லை. எதிரே வண்டி வந்தால் கேட்கட்டும் என்று வளைவில் அவன் ஹாரனை இரண்டு முறை நீளமாக அடித்தான். மலையில் வண்டி ஓட்டுகிற யாரும் செய்வதுதான்.

வளைவைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே, இலை விலைக்கான மறியலுக்கு வெட்டிப் போட்ட ஒரு சவுக்கு மரம் கிடந்தது. அவன் பிரேக் போடும்போதே பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "ஏஜென்ட் வண்டிடா."

முதல் கல் அவன் பக்கத்து முன்கண்ணாடியில் விழுந்தது. அடுத்தது என் பக்கம். கதவைத் திறந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். யாரோ அவன் விரல்களின் மேல் கல்லால் அடித்ததும் விட்டுவிட்டான். முகத்தின் இடப்பக்கம் முழுக்க ரத்தம். ஒருவர் பின்சீட்டுக்குக் கீழிருந்து முன்னால் செருகிச் சுழற்றிக் காரை ஸ்டார்ட் செய்யும் இரும்புக் கம்பியை எடுத்து அவன் முதுகில் இறக்கினார்.

"அவன் எங்கடா?"

"யாருங்க?"

"ஹாரன் வந்துருச்சு, ஆளு எங்க?"

மறுபடி கம்பி. நான் இறங்கி நடுவே போனேன். ஒரே அறையில் என் மூக்குக்கண்ணாடி பறந்தது.

"இது அவர் கார் இல்லீங்க," என்றேன். "இது முந்தின மாடலு. அவருது ஒத்தக் கண்ணாடி. இதுல பாருங்க, ரெண்டு கண்ணாடி."

"எங்கீங்க கண்ணாடி?" என்றார் கம்பி வைத்திருந்தவர், மரியாதையாக. இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடி எல்லாம் ரோட்டிலும் என் மச்சினன் முகத்திலும் இருந்தது.

இன்னொருவர் காருக்குள் குனிந்து ஹாரனை அழுத்தினார். இரண்டு நீளம். "கேட்டியா? இந்தச் சத்தத்துக்கு மூட்டையத் தூக்கிட்டுச் சரிவுல விழுந்து எந்திரிச்சு ஓடி வந்தோம். ஒரு நிமிஷம் லேட்டானா, எடுக்காமப் போயிருவான். என் பொண்டாட்டி காலு ஒடிஞ்சது இந்தச் சத்தத்துக்குத்தான்." மீண்டும் அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏஜென்ட் சரிவுகளில் இறங்கிப் போய் யாரையும் கூப்பிட்டதில்லை. இதே வளைவில் காரை நிறுத்தி இரண்டு முறை அடிப்பார், மலை முழுக்க இறங்கி வரும். இந்தப் பனியில் காரை யாரும் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் அவர்கள் சரியாக அடையாளம் கண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தம் கேட்டு மேலே தோட்டத்திலிருந்து இன்னும் ஆட்கள் இறங்கும் காலடி கேட்டது. அவர்கள் வந்துவிட்டால் இவன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்தது. பானெட்டைத் தூக்கினேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். ஒயர்களைப் பிடுங்கினேன், சத்தம் நின்றது. இரண்டு நட்டு. எனக்குப் பின்னால் அவனை உதைப்பது கேட்டது, அவன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. முதல் நட்டைக் கழற்றிப் பையில் போட்டேன், இரண்டாவதையும் கழற்றிப் பையில் போட்டேன். பழக்கம்.

ஹாரனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திரும்பினேன். "அவருது இது ஒண்ணுதானுங்க. இத எடுத்துக்குங்க. அவன விட்டுருங்க."

பிறகு, மனைவியின் கால் ஒடிந்தது என்றவர் அதைப் பிடுங்கி மைல்கல்லின் மேல் வைத்து, கம்பியை வாங்கி அடித்தார். அடுத்தவர் கல்லால். அப்போதுதான் இறங்கி வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிழவர் காலால் மிதித்தார். அது நசுங்கி, தகடு பிதுங்கி, தட்டையாகிப் போனது.

"கத்த மாட்டேங்குதே," என்றார் ஒருவர். நிஜமாகவே ஏமாந்த குரல் அது.

அதற்குப் பிறகு அவர்களுக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. கம்பி வைத்திருந்தவர் அதை ஒழுங்காக என்னிடம் திருப்பிக் கொடுத்தார். யாரோ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் மச்சினன் முகத்தில் வைத்து அழுத்தினார்கள். மரத்தை நகர்த்தி வழி விட்டவர்களும் அவர்களே. கண்ணாடியில்லாத காரை, பனி முகத்தில் அறைய, கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன்.

உயிர் இருந்தது. இடது கண் போயிற்று, கண்ணோடு பேட்ஜும் போயிற்று. போலீஸ் கேட்டபோது, பனியில் ஒரு முகமும் தெரியவில்லை என்றான். கட்டு பிரித்த நாளில் என்னிடம், "கம்பியில அடிச்சவர எனக்குத் தெரியுங் மாமா, அவர் மூட்டைய என் லாரில ஏத்தியிருக்கேன்," என்று மட்டும் சொன்னான்.

விலை கொஞ்சம் நிமிர்ந்து லாரிகள் ஓடத் தொடங்கியபோது, அவன் என் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் பழைய சாமான்களுக்கிடையே அதே மாதிரி ஹாரன் இன்னொன்று வந்தது. நான் அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். அவன் எடுத்து வந்து பேட்டரியில் வைத்தான். கடைவீதி திரும்பிப் பார்க்கும்வரை அடித்தான்.

"சரியான பார்ட்டுதானுங்களே? மாட்டுங்க."

"வேண்டாம்."

"மாட்டுங்க மாமா. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அன்று பையில் போட்ட அந்த இரண்டு நட்டுகளை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அவற்றாலேயே மாட்டினேன். அடுத்த ஞாயிறு கட்டபெட்டு வளைவில், வெயில் பளிச்சென்று இருக்க, அவன் என் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி இரண்டு முறை நீளமாக அடித்தான். டீக்கடையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும், அன்று கம்பியை என்னிடம் திருப்பிக் கொடுத்தவர், கிளாஸை வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போனார். என் மச்சினன் காரை நிறுத்தச் சொன்னான். இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் திரும்பி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் ஆகியும் அவர் வரவில்லை. மேசையில் வைத்த டீயை யாரும் எடுக்கவுமில்லை.